தராசில் ஏறாத விலை

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிவிடுகிறேன். கமுண்டிங்கில் கையுறை ஆலையில் வேலை பார்க்கும் உங்கள் தங்கை, எட்டு மாத ஓவர்டைம் காசைச் சேர்த்து 4,800 வெள்ளிக்கு, அதாவது மலேசிய ரிங்கிட்டுக்கு, ஒரு கைப்பை வாங்கிவிட்டார். அசல் பை, கோலாலம்பூரில் வாசலில் காவலாளி நிற்கும் கடையில் வாங்கியது. அம்மா அழுகிறார். மாமா வந்து "லயத்துல பொறந்ததுக்கு இவ்ளோ திமிரா" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. உங்களுக்குக் கோபம் இரண்டு பக்கமும் இருக்கிறது. வாடகை வீட்டில் இருந்துகொண்டு இப்படி வாங்கலாமா என்று தங்கை மேல் ஒரு கோபம், 2 லட்சம் வெள்ளிப் பையை அலமாரி நிறைய அடுக்கி வைக்கிறவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லையே என்று ஊர் மேல் ஒரு கோபம். கடைசியாக இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள்: பணக்காரர்கள் வாங்கினால்தானே நாலு பேருக்கு வேலை கிடைக்கிறது என்று உங்கள் சூப்பர்வைசர் சொல்கிறாரே, அது சரியா?

நான் எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை, ஐந்தாம் படிவத்தோடு நின்றவன், அப்புறம் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தவன். அப்பா ரப்பர் மரத்தில் பால்வெட்டு, அம்மா புல்வெட்டு, பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்து லயத்தில். 31 வருடமாக அடகுக்கடையில் மதிப்பு பார்க்கிற வேலை. முதலில் ஈப்போவில் ஒரு தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், இருந்தேன், பிறகு ஊருக்கே வந்துவிட்டேன், இப்போதும் வாரத்தில் மூன்று நாள் போகிறேன். உரைகல், அமிலம், தராசு, கண்ணில் மாட்டும் ஒரு பூதக்கண்ணாடி, இவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் அந்தக் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊரின் இன்னொரு முகம் தெரியும். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் யார் வருகிறார், தீபாவளிக்கு முன்னால் மீட்க வருவது யார், தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிவிட்டுக் கொடியை மட்டும் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவருவது யார் என்பதெல்லாம்.

எங்கள் மேசைக்கு ஒரு நகை வந்தால் முதல் வேலை கழிப்பதுதான். கல் இருந்தால் கல்லைக் கழிப்போம், உள்ளே அரக்கு இருந்தால் அரக்கு, கொக்கியில் வேறு உலோகம் இருந்தால் அதையும். நகைக்கடையில் நீங்கள் கொடுத்த செய்கூலி, சேதாரம், டிசைன், ஏர்கோன் காற்று, இலவசக் காலண்டர் எல்லாம் அந்தக் கடையிலேயே தங்கிவிடும். மிச்சம் 916 தங்கம் எத்தனை கிராம், இன்றைய விலையில் அதற்கு எவ்வளவு கொடுக்கலாம், அவ்வளவுதான் கணக்கு. வட்டி சட்டப்படி மாதம் 2 சதவீதம், தவணை ஆறு மாதம். 2025-இல் 916 கிராம் 400 வெள்ளியைத் தாண்டிப் போனபோது, கல்யாணத்தில் போட்ட இரண்டு வளையலை வைத்துவிட்டு மகனை பாலிடெக்னிக்குக்கு அனுப்பிய அம்மாக்களை எனக்குத் தெரியும். தங்கம் ஆடம்பரம்தான், மறுக்கவில்லை, ஆனால் திரும்பி வந்து கைகொடுக்கும் ஆடம்பரம்.

சில வருடத்துக்கு முன் ஓர் இளம்பெண் கைப்பை ஒன்றைக் கம்பிக்குள் நீட்டினார். ரசீது, டப்பா, தூசி படாமல் மூடும் துணிப்பை எல்லாம் சேர்த்துத்தான். வாங்கிய விலை 3,000 வெள்ளிக்கு மேல். தவுக்கே அதை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார், மோந்து பார்த்தார், அப்புறம் என்னிடம் திரும்பி "இனி பெராப்பா கிராம்?" என்றார். இது எத்தனை கிராம் என்று. கிண்டலுக்குக் கேட்கவில்லை, அந்த மனிதருக்கு உண்மையிலேயே வேறு கேள்வி தெரியாது. கோலாலம்பூரில் பையும் கைக்கடிகாரமும் அடகு பிடிக்கிற கடைகள் வந்துவிட்டன, எங்கள் ஊரில் ஏது. அந்தப் பெண் சிரித்துவிட்டுப் பையை இழுத்துக்கொண்டார், காதில் கிடந்த கம்மலைக் கழற்றி வைத்தார். 1.9 கிராம். அதற்குப் பணம் கொடுத்தோம்.

தவுக்கேயின் அந்தக் கேள்வியை நான் இன்னும் விடவில்லை. நகையைக் கழிப்பது போல ஒரு விலையுயர்ந்த பையையும் கழித்துப் பார்த்தால் என்ன மிஞ்சும்? 2024 ஜூனில் இத்தாலியின் மிலான் நீதிமன்றம் டியோர் என்ற பிரெஞ்சு ஆடம்பர நிறுவனத்தின் ஒரு துணை நிறுவனத்தை நீதிமன்ற மேற்பார்வையின் கீழ் வைத்தது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு பையைத் தைத்துக் கொடுக்க, வெளியே குத்தகை எடுத்த பட்டறைக்குக் கொடுத்தது 53 யூரோ என்று வழக்கு ஆவணத்தில் இருந்தது. தோல் முதலான மூலப்பொருள் விலை தனி, சரி, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கடை வாடகையைச் சேருங்கள், நடிகைக்குக் கொடுத்த விளம்பரக் காசைச் சேருங்கள், அப்போதும் பெரிய தொகை ஒன்று தனியே நிற்கும். தைத்தவன் கூலி நூற்றுக்கு இரண்டு. அந்தப் பட்டறைகளில் சிலவற்றில் வேலையாட்கள் அங்கேயே படுத்துத் தூங்கினார்கள் என்பதும் வெளியே வந்தது. இத்தாலியில் கைவினைஞர் ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பொறுமையாகத் தைப்பது போல விளம்பரத்தில் வருமே, அந்த ஜன்னலுக்குப் பின்னால் இப்படியும் ஒரு அறை.

சரி, தனியே நிற்கிற அந்தத் தொகைக்கு நாம் என்னதான் வாங்குகிறோம்? நான் இத்தனை வருடம் யோசித்துக் கண்டது இதுதான்: மற்றவர்களிடம் அது இல்லாமல் இருப்பதை விலை கொடுத்து வாங்குகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் வயிறாரச் சாப்பிட்டால் என் சோற்றின் ருசி குறையாது. எதிர்வீட்டில் நல்ல கூரை போட்டால் என் கூரை ஒழுகாது. ஆனால் நாளைக்கே நம் ஊர்ப் பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஆளுக்கொரு அசல் பை தோளில் தொங்கினால் அந்தப் பைக்கு என்ன மதிப்பு? தோலும் அதே தோல், தையலும் அதே தையல். விலை மட்டும் சரிந்துவிடும். 1899-லேயே தோர்ஸ்டீன் வெப்லன் என்ற அமெரிக்க அறிஞர் இதைத் தொட்டுக் காட்டிவிட்டார், பிற்பாடு விலை ஏற ஏற ஆசை கூடும் சாமான்களுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். ஊரெல்லாம் ஏழை இருக்கும்போது இப்படி ஒரு ஆடம்பரமா என்று நாம் ஆச்சரியப்படுகிறோம். ஏழை இருப்பது அந்தச் சாமானின் கூட்டுப்பொருளில் ஒன்று தம்பி. அது குறைந்தால் சாமானே செல்லாது.

நான் கசப்பில் பேசுகிறேன் என்று நினைத்தால் பெர்பெரி கதையைக் கேளுங்கள். அந்த பிரிட்டிஷ் ஆடை நிறுவனம் ஒரே நிதியாண்டில் 28 மில்லியன் பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள விற்காத சரக்கை அழித்ததாகத் தன் ஆண்டறிக்கையிலேயே எழுதியிருந்தது. 2018-இல் அது பெரிய செய்தியானதும், இனி எரிக்க மாட்டோம் என்று அதே வருடம் அறிவித்தார்கள். அவர்கள் மட்டும் செய்த காரியமும் இல்லை. பிரான்ஸ் 2020-இல் சட்டமே போட்டு, விற்காத துணிமணியை அழிக்கக் கூடாது என்று 2022-இலிருந்து நடைமுறைப்படுத்தியது. யோசியுங்கள், மலிவு விலைக்கு விற்றாலும் காசுதானே? தானம் கொடுத்தால் புண்ணியமாவது மிஞ்சும். ஆனால் சாதாரண ஆள் தோளில் அந்தக் கட்டம் போட்ட துணி ஏறிவிட்டால் அலமாரியில் மிச்சமிருக்கும் சரக்கின் விலை போய்விடும். அதனால் நெருப்பு. எங்கள் வேலையில் தங்கத்தை நெருப்பில் போடுவது அசல் தெரிவதற்கு. அங்கே நெருப்பில் போடுவது அசலைக் காப்பாற்றுவதற்கு.

பிரான்சின் எர்மேஸ் கம்பெனியின் பெர்க்கின் பை இதில் கரை கண்டது. 1980-களில் ஜேன் பெர்க்கின் என்ற நடிகை விமானத்தில் அந்தக் கம்பெனித் தலைவர் பக்கத்தில் உட்கார, பேச்சில் பிறந்த பை என்று கதை. காசை மேசையில் வைத்தாலும் உடனே எடுத்துத் தர மாட்டார்கள், அதே கடையில் கழுத்துத்துணி, செருப்பு, தட்டு என்று வாங்கிப் பெயர் எடுத்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும் என்பது ஊரறிந்த விஷயம். நம் பக்கம் தோட்டத்துக் கடையில் கடன் வாங்கத்தான் இப்படிப் பெயர் எடுக்க வேண்டும், அங்கே ரொக்கம் கொடுக்கவே பெயர் எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த நடிகை வைத்திருந்த முதல் பையை 2025 ஜூலையில் பாரிசில் ஏலம் விட்டார்கள், 8.6 மில்லியன் யூரோ. அது பழசு, கீறல் விழுந்தது, அவர் ஒட்டிய ஸ்டிக்கர் தடம்கூட அதில் இருந்ததாம். எங்கள் கடையில் கீறல் விழுந்தால் விலையைக் குறைப்போம்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம், நீங்கள் சொன்ன 2 லட்சம் வெள்ளிப் பை எங்கிருந்து உங்கள் காதுக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். 2018 மே மாதம், தேர்தல் முடிந்த கையோடு, முன்னாள் பிரதமர் நஜிப்போடு தொடர்புடைய வீடுகளில் போலீஸ் சோதனை போட்டது. ஜூன் 27-ஆம் தேதி கணக்கைப் படித்தார்கள். நகை மட்டும் 12,000 உருப்படி. கைப்பை 567, கைக்கடிகாரம் 423, கறுப்புக் கண்ணாடி 234, தலையில் வைக்கும் கிரீடம் 14, ரொக்கம் 26 நாட்டுப் பணத்தில் 116 மில்லியன் வெள்ளிக்கு மேல். பைகளில் 272 எர்மேஸ், அவற்றுக்கு மட்டும் 51.3 மில்லியன் வெள்ளி மதிப்பு போட்டார்கள். யாருக்குச் சொந்தம், எப்படி வந்தது என்ற வழக்குகள் பிறகு பல வருடம் நடந்தன, அதற்குள் நான் போகவில்லை. அன்றைக்குக் கடையில் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஒரு மதிப்புப் பார்ப்பவனாக மட்டும் கேட்டேன்.

என் காதில் தைத்தது வேறு ஓர் எண். நகைகளின் அடக்க விலை 440 மில்லியன் வெள்ளி, கடை விலைக்குப் பார்த்தால் 660-லிருந்து 880 மில்லியன் வரை வரலாம் என்றார்கள். ஒரே நகை, இரண்டு விலை, நடுவில் இரட்டிப்பு வரைக்கும் வித்தியாசம். நான் முதலில் சொன்னேனே, கடையிலேயே தங்கிவிடும் காசு, அது இங்கே நூறு மில்லியன் கணக்கில். தவுக்கே கால்குலேட்டரை எடுத்து 51.3 மில்லியனை 272-ஆல் வகுத்தார். ஒரு பைக்குச் சராசரி ஏறக்குறைய 1 லட்சத்து 88 ஆயிரத்து 600. அப்போது தீபகற்பத்தில் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,000 வெள்ளி. ஒரு சென்கூடச் செலவழிக்காமல் சேர்த்தால் ஒரு பைக்குப் பதினைந்தரை வருடத்துக்கு மேல் ஆகும். அதில் ஒரு கழுத்துமாலை 6.4 மில்லியன், அதற்கு 533 வருடம். அதாவது மலாக்காவில் சுல்தான் ஆண்ட காலத்திலேயே பால்வெட்ட ஆரம்பித்திருக்க வேண்டும், அப்போது இந்த மண்ணில் ரப்பர் மரமே கிடையாது. பக்கத்துக் கோல கங்சாரில் முதல் கன்றுகளை நட்டதே 1877-இல்தான்.

ஆக, ஆடம்பரம் எங்கோ பாரிசில் நடக்கிற விஷயம், வறுமை நம் பக்கம் நடக்கிற விஷயம் என்று பிரித்துப் பார்க்காதீர்கள். இரண்டும் ஒரே குழாயின் இரண்டு முனை. தோட்டத்து மேட்டில் துரை பங்களா இருந்தது, பள்ளத்தில் லயம் இருந்தது. 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் கத்ரீ என்ற பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியை நம் நாடு வாங்கியது, பெரிய சாதனைதான், நானும் பள்ளிக்கூடத்தில் கைதட்டினேன். துரை போனார், மேட்டில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார், பள்ளத்தில் அதே தண்ணீர்க்குழாய். அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 80-களிலும் 90-களிலும் எத்தனையோ தோட்டங்களை விற்று வீடமைப்பாக்கினார்கள், சிலதைக் கோல்ஃப் திடலாக்கினார்கள், மூன்று தலைமுறை பால் எடுத்த இடத்தில் புல் வளர்த்தார்கள். அங்கிருந்து வெளியேறியவர்களில் பலர் மலிவு அடுக்குமாடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நம் டவுனிலேயே பாருங்கள், கடைவீட்டின் மேல்மாடியைப் பறவைக்கூட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். குருவி தன் எச்சிலால் கட்டும் அந்தக் கூடு விலையுயர்ந்த சாப்பாட்டுச் சாமான். ஈரப்பதம் பார்க்க மீட்டர், ஸ்பீக்கரில் குருவிச் சத்தம். கீழே பின்னறையில் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருக்கிறது, அவர்களுக்கு மின்விசிறி ஒன்றுதான். குருவியின் எச்சிலுக்கு இருக்கிற மரியாதை!

அடுத்து மாமா சொன்ன வார்த்தை. திமிர். மாமா மேல் எனக்கு வருத்தம்தான், ஆனால் அவர் தனி ஆள் இல்லை, ஊரே அப்படித்தான் பேசும். 2009-இல் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு கணக்குப் போட்டார்கள். வருமானம் சமமாக இருக்கும் குடும்பங்களை ஒப்பிட்டால், வெள்ளையரைவிடக் கறுப்பர்களும் ஹிஸ்பானியர்களும் கண்ணுக்குத் தெரியும் சாமான்களுக்கு, அதாவது உடை, நகை, கார் மாதிரி, ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகச் செலவழித்தார்கள். இனத்தின் குணம் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் ஏழை வெள்ளையர் அதிகம் உள்ள மாநிலங்களில் வெள்ளையரும் அப்படித்தான் செய்தார்கள். காரணம் எளிது. உங்கள் கூட்டம் ஏழைக் கூட்டம் என்று ஊர் முடிவு கட்டியிருந்தால், நீங்கள் தனியாகக் கொஞ்சம் முன்னேறியதை யாரும் நம்ப மாட்டார்கள். காட்டினால்தான் நம்புவார்கள். பணக்காரக் கூட்டத்தில் பிறந்தவன் கிழிந்த சட்டையோடு வங்கிக்குப் போனாலும் நாற்காலி கிடைக்கும், அது அவனுக்குப் பரம்பரைச் சொத்து.

இதை நான் அமெரிக்காவில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எங்கள் அம்மா ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அடுத்த லயத்து அக்காவிடம் சங்கிலி இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் போவார். கழுத்து மூளியாகப் போனால் பெரிய கிராணி, அதாவது தோட்டத்துத் தலைமை எழுத்தர், வீட்டு அம்மா உட்காரச் சொல்ல மாட்டார் என்று சொல்வார். உட்காரச் சொல்வதற்கு ஒரு விலை. இரவல் கொடுத்த அக்காவும் அதே சங்கிலியை வேறு யாரிடமிருந்தோ மீட்டுக்கொண்டு வந்து கொடுத்திருப்பார். ராஜஸ்தானின் உதய்ப்பூரில் நாளுக்கு ஒரு டாலருக்கும் கீழே வாழும் குடும்பங்கள்கூட வருடச் செலவில் பத்தில் ஒரு பங்கு திருவிழாவுக்கு ஒதுக்குவதாக, 2019-இல் நோபல் வாங்கிய பானர்ஜியும் டுஃப்லோவும் முன்பே எழுதியிருக்கிறார்கள். வயிறு நிறைந்த பிறகுதான் மனுஷனுக்கு மானம் வேண்டும் என்று யாரோ மேலே உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். எனக்குத் தெரிந்து அப்படி ஒரு வரிசை கிடையாது.

அதற்காக உங்கள் தங்கை செய்தது கெட்டிக்காரத்தனம் என்று நான் சொல்லவில்லை. 4,800 வெள்ளிக்கு அவர் வாங்கியதில் பெரும்பங்கு தராசில் ஏறாத சமாச்சாரம். பணக்காரருக்கும் நமக்கும் வித்தியாசம் இங்கேதான் வருகிறது. அவர் வாங்குவது வரிசையில் நின்று கிடைக்கும் அரிய ரகம், பத்து வருடம் கழித்து ஏலத்தில் லாபத்துக்கே போகலாம். நமக்கு விற்பது அதே பெயரைப் போட்ட நுழைவு ரகம், கடையை விட்டு வெளியே வந்ததுமே விலை விழுந்துவிடும். அந்தக் கம்பெனிகளும் சாமர்த்தியமாகத்தான் கடை போடுகின்றன: மேலே சிலருக்கு முதலைத் தோல், கீழே பல்லாயிரம் பேருக்குச் சாவிக்கொத்து, பர்ஸ், வாசனைப் புட்டி. மேலே உள்ளவர் பெயரை ஏற்றிக் கொடுக்கிறார், கீழே உள்ளவர் அந்தப் பெயருக்குக் காசு கட்டுகிறார். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு அங்கே போய்ச் சேர்கிறது.

சூப்பர்வைசர் கேள்விக்கு வருகிறேன். முழுப் பொய் இல்லை. நம் ஊரில் பத்தர்கள் இருந்தார்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்து வீட்டுத் திண்ணையிலேயே ஊதுகுழலோடு உட்கார்ந்து தாலிக்கொடி செய்தவர்கள், கல்யாண ஆடம்பரம்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. மெஷின் நகை வந்து அதுவும் போயிற்று. ஆனால் அவர் சொல்லும் கணக்கை நம் ஊர் கணக்காகப் போட்டுப் பாருங்கள். 1 லட்சத்து 88 ஆயிரம் வெள்ளிப் பை ஒன்றை இங்கே யாராவது வாங்கினால் காசு நேராகப் பாரிசுக்கு. கடைப் பெண்ணுக்குச் சம்பளம், கட்டடத்துக்கு வாடகை, அவ்வளவுதான் இங்கே நிற்கும். 2025-இல் குறைந்தபட்ச சம்பளம் 1,500-இலிருந்து 1,700 ஆனது, 200 வெள்ளி உயர்வு. அந்த ஒரு பையின் காசில் 900-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு மாதம் அந்த 200 வெள்ளியைக் கொடுக்கலாம். அந்த 900 பேரும் பாரிசுக்குப் போக மாட்டார்கள். மோட்டோவுக்கு டயர் மாற்றுவார்கள், பிள்ளைக்கு டியூஷன் கட்டுவார்கள், வெள்ளிக்கிழமை கோழிக்குப் பதில் ஆட்டிறைச்சி எடுப்பார்கள், டவுனில் நாலு கடை நிமிரும். உங்கள் தங்கை வேலை பார்க்கும் ஆலையே உதாரணம். 2020-இல் நோய் பரவியபோது கையுறை விலை எங்கோ போனது, முதலாளிகள் சிலர் டாலர் கணக்கில் பில்லியனர்கள் ஆனார்கள். அப்போது குறைந்தபட்ச சம்பளம் 1,100-லிருந்து 1,200. மேலே நிரம்பினால் கீழே வழியும் என்றால் அந்த வருடம் வழிந்திருக்க வேண்டும்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்யப் பார்த்தது. விலையுயர்ந்த சாமான்களுக்குத் தனி வரி என்று 2023 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவிப்பு, 2024 மே மாதம் வரும் என்றார்கள், வரவில்லை. பிறகு 2025 ஜூலையில் விற்பனை வரியை விரித்தபோது ராஜநண்டு, டிரஃபிள் காளான் மாதிரி சாமான்களுக்கு வரி வந்தது. இறக்குமதிப் பழங்களையும் சேர்த்திருந்தார்கள், ஜனங்கள் கூச்சல் போட்டதும் ஆப்பிள், ஆரஞ்சை விட்டுவிட்டார்கள். ஆப்பிள் ஆடம்பரமா என்று நாடே விவாதித்ததில், 1991-இல் நம் நாடு வாரிசுச் சொத்து வரியையே எடுத்துவிட்டது என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தாத்தா சேர்த்த 500 மில்லியன் வரியில்லாமல் பேரனுக்குப் போகும். உங்கள் அம்மாவின் வளையல் ஆறு மாதத்தில் மீட்காவிட்டால் ஏலத்துக்குப் போகும்.

ஏழையை எண்ணுவதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. 2019-இல் ஐ.நா.வின் சார்பில் ஃபிலிப் ஆல்ஸ்டன் வந்தார். அப்போது அரசுக் கணக்கில் வறுமை 0.4 சதவீதம், ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளிக்குக் கீழே வந்தால்தான் ஏழை. நாலு பேர் குடும்பம் 980-இல் எப்படி வாழும் என்று அந்த மனிதர் கேட்டுவிட்டுப் போனார். நம் ஆட்கள் கொஞ்சம் கோபப்பட்டார்கள், அப்புறம் 2020-இல் வறுமைக்கோட்டை 2,208 வெள்ளிக்கு உயர்த்தினார்கள். அதே 2019-ஆம் வருடத்துக்கு வறுமை 5.6 சதவீதம் ஆயிற்று. ஒரே இரவில் நாலு லட்சத்துக்கும் மேல் குடும்பங்கள் ஏழைகளாகவில்லை, முன்பே அப்படித்தான் இருந்தார்கள், உரைகல்லைத்தான் மாற்றினார்கள்.

இன்னொன்று சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அது நம் ஊர் விஷயம். 50-களின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்தார்கள். துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் தாத்தாவுக்கு முகம் கறுக்கும். அப்போது அமைச்சராக இருந்த, நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். பால்வெட்டுகிறவர்களிடம் மாதம் 10 வெள்ளி வாங்கி, 100 வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு. அடுத்த வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கிவிட்டார்கள். அதற்குப் பின்னால் நடந்த அரசியல் எல்லாம் உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அதை விடுங்கள். தாத்தா அந்தப் பங்குச் சீட்டை டின் பெட்டியில் பாஸ்போர்ட்டோடு வைத்திருந்தார். அடுத்த லயத்துக்காரரிடமும் அதே சீட்டு இருந்தது. அதனால் தாத்தா சீட்டுக்கு ஒரு சென்கூட விலை குறையவில்லை, கூடத்தான் செய்தது. ஒரே ஊர், ஒரே கூலி, பத்து வெள்ளியை இப்படியும் கட்டலாம் என்று ஒரு தலைமுறை பார்த்திருக்கிறது.

சரி, உங்கள் வீட்டு விஷயம். பையை விற்கச் சொல்லாதீர்கள். விற்றால் பாதி வந்தாலே பெரிசு, கோபமும் போய்க் காசும் போய்விடும். கிரெடிட் கார்டிலோ தவணையிலோ வாங்கினாரா என்று மட்டும் மெதுவாகக் கேளுங்கள், அப்படியிருந்தால் அதை முதலில் அடைக்க நீங்களும் கொஞ்சம் கைகொடுங்கள், ஆலோங் என்ற கந்துவட்டிக்காரர் பக்கம் போய்விடக் கூடாது. ரசீதையும் டப்பாவையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அடுத்த எட்டு மாத ஓவர்டைமுக்குச் சின்னதாக ஒரு தங்கக் காசு வாங்கலாமே என்று அம்மா சொன்னால் கேட்பார், நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார். மாமாவிடம் அவர் ஒன்பது வருடத் தவணையில் எடுத்த காரைப் பற்றி ஒரு நாள் பேச்சு கொடுங்கள், அன்றோடு வாயை மூடிவிடுவார்.

அந்த 1.9 கிராம் பெண் ஐந்தாவது மாதம் கம்மலை மீட்க வந்தார். வட்டியோடு பணத்தை எண்ணி வைத்துவிட்டு, அடகுச் சீட்டைத் தேடினார். தோளில் அதே பை. அதன் உள் ஜிப்பைத் திறந்து, நாலாக மடித்த சீட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார்.